பூத்ததாகச் சொன்ன செடிகள்

பல்செட்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வீட்டின் பக்கவாட்டு அறைதான் அவருடைய பட்டறை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். மேசையில் எப்போதும் இரண்டு மூன்று வாய்கள் சிரித்துக்கொண்டிருக்கும். சுத்தம் என்றால் அவருக்கு உயிர். துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பவர். "இந்த மனுஷன் என்னையும் ஒருநாள் தேய்ச்சு மெருகேத்தி டப்பாவுல போட்டு அனுப்பிடுவார்" என்று அவர் மனைவி, தான் வேலை பார்க்கும் கூரியர் ஆபீஸில் சொல்லிச் சிரிப்பாள்.

அவருடைய அக்கா ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனியாக இருந்த வாடகை வீட்டில் மாடிப்படி ஏற முடியாமல் போன பிறகு, தம்பி வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தாள். அக்கா தம்பிக்குள் பாசத்துக்குக் குறைவில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். காலையில் "டீ குடிச்சியா?", மாலையில் "மழை வரும்போல இருக்கே". அதோடு அன்றைய கணக்கு முடிந்துவிடும்.

வாசலுக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மண் தரை இருந்தது. வந்த புதிதில் அக்கா அதைக் கொத்திக் கல் பொறுக்கினாள். அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்ததால் ‘பைண்டிங்’ என்றே பெயர் வாங்கிய சிநேகிதி, பிரிவுபசாரத்தன்று ஒரு காகிதப் பொட்டலத்தில் காஸ்மாஸ் பூச்செடி விதை கொடுத்திருந்தாள். கறுப்பாக, ஒல்லியாக, ஒடிந்த ஊசி முனைகள் மாதிரி இருக்கும் விதைகள். அதைத் தூவி, மேலே விரலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, பட்டறை வாசலில் நின்று சொன்னாள்.

"டேய், வாசல்ல காஸ்மாஸ் போட்டிருக்கேன்."

பல்செட்காரர் ஒரு கடைவாய்ப் பல்லை மெழுகில் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

விதை முளைத்து விரல் நீளம் வளர்ந்த நேரத்தில்தான் அக்காவின் கண்ணில் அது வந்தது. காலையில் எழுந்தபோது வலது கண்ணில் ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை இறங்கியிருந்தது. இடது கண் சின்ன வயதிலிருந்தே பேருக்குத்தான் கண். விழித்திரை கழன்றுவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். அன்றைக்கே சேர்த்தார்கள்.

மறுநாள் அக்காவை உள்ளே கொண்டு போனதும், மாற்றுத் துணி எடுத்து வர மனைவி பல்செட்காரரை வீட்டுக்கு அனுப்பினாள். பையில் துணியை எடுத்து வைத்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் அந்த மூடிய கதவின் முன்னால் உட்காரத் தைரியம் வரவில்லை. பயம் வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. வாசலைப் பார்த்தார். மண் தரை முழுக்கப் பச்சையாக, நார் நாராகக் கிழிந்த இலையோடு ஏதோ மண்டியிருந்தது. எதிர்ப்புறக் காலி மனையில் மண்டும் களை மாதிரியே இருந்தது. அக்கா திரும்பி வரும்போது வாசல் பளிச்சென்று இருக்கட்டும் என்று குனிந்தார்.

வேர் இளசு. இழுத்தால் மறுபேச்சில்லாமல் கையோடு வந்தது. ஒன்று விடாமல் பிடுங்கினார். அள்ளி ஒரு சாக்கில் போட்டார். குப்பை வண்டி சரியாக அந்த நேரத்தில் வந்தது. கொடுத்தார். பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு, கொஞ்சம் நிம்மதியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்திருந்தார்கள். அது உள்ளிருந்து விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதனால் கொஞ்ச காலம் முகம் குப்புறத்தான் இருக்க வேண்டும், கண்ணுக்குச் சிரமம் தரக் கூடாது, அழவிடாதீர்கள் என்று நர்ஸ் சொன்னாள். அக்கா குப்புறப் படுத்திருந்தாள். தம்பியின் செருப்புச் சத்தம் கேட்டதும் தலையணைக்குள்ளிருந்து முதலில் கேட்டது இதுதான்:

"வீட்டுக்குப் போனியா? வாசல்ல காஸ்மாஸ் எப்படி இருக்கு? நேத்து தண்ணி விட மறந்துட்டேன்."

பல்செட்காரருக்கு அந்த நார் இலைகள் கண் முன்னால் வந்தன. தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் மண் இருந்தது.

"நல்லா இருக்குக்கா."

"தண்ணி விட்டியா?"

"விட்டேன்."

அது அரை உண்மை. தெளித்தது தண்ணீர்தானே.

வீட்டுக்கு வந்த மனைவி வாசலில் கால் வைத்ததும் நின்றாள். "அண்ணி போட்ட செடியெல்லாம் எங்க?" அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது. "ஐயையோ. அதையா பிடுங்குனீங்க? பூச்செடிங்க அது!"

"களைன்னு நினைச்சேன்."

"சரி, தெரியாமச் செஞ்சதுதானே. சொல்லிடுங்க."

"அழவிடக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லுச்சே."

"அப்ப ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லுங்க. ஆனா நீங்கதான் சொல்லணும். நான் உங்களுக்காகப் பொய்யும் சொல்ல மாட்டேன், காட்டியும் கொடுக்க மாட்டேன்."

ரெண்டு நாள் போயிற்று. அக்கா வீட்டுக்கு வந்தாள். முன்னறைக் கட்டிலில் தலையணைகளை அடுக்கி, நடுவே முகத்துக்கு இடம் விட்டு, குப்புறப் படுக்க வைத்தார்கள். அவள் பார்வையில் தெரிந்ததெல்லாம் குமிழிக்குள் கலங்கித் தெரியும் தரை ஓடுதான். கண்ணில் சொட்டு மருந்து விடுவது தம்பியின் வேலையாயிற்று. நாளெல்லாம் நுண்ணிய வேலை பார்க்கிற கை, ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாது. மருந்து விட்டு முடித்ததும் அக்கா கேட்பாள்:

"செடி எவ்வளவு உசரம் வந்திருக்கு?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். எதிரே அக்காவின் முகம் இல்லை, பின்னந்தலைதான் இருந்தது. அதைப் பார்த்துப் பொய் சொல்வது எளிதாக இருந்தது.

"சாண் உசரம் இருக்கும்கா."

"நெருக்கமா இருந்தா சிலதை எடுத்துடணும். பாவம் பாக்காதே. ஒண்ணுக்கு ஒண்ணு ஒரு சாண் இடம் விடு."

"எடுத்துட்டேன்."

"நாலஞ்சு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிடு. அப்பத்தான் பக்கத்துல கிளைக்கும். இல்லேன்னா ஒத்தைக் கம்பா உசந்து காத்துல சாஞ்சுடும்."

மறுநாள் "கிள்ளிட்டேன்" என்றார்.

"கிள்ளும்போது கஷ்டமா இருந்துச்சா?"

"ஆமாக்கா. கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

அக்கா தலையணைக்குள் சிரித்தாள். "எனக்கும் அப்படித்தான். ஒரு எழுத்தாளரோட நல்ல வரி ஒண்ணை, இடம் பத்தலைன்னு வெட்டச் சொல்வாங்க. வெட்டிட்டு ராத்திரி சாப்பாடு இறங்காது." அப்படித் தொடங்கி அச்சகக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேருக்குப் பதிலாக மாமனார் பேர் அச்சாகி, கடைசி நிமிடத்தில் அவள் கண்ணில் பட்டது. முதலாளி மேசைக்கடியில் பூனை குட்டி போட்டது. ஒருவர் தினமும் பஸ் நிறுத்தத்தில் அவளுக்காக நின்றதும், ஒருநாள் நிற்காமல் போனதும். இந்தக் கடைசிக் கதையை அவர் கேள்விப்பட்டதே இல்லை. இத்தனை வருஷத்தில் பேசாததையெல்லாம் அக்கா அந்த அறையில் பேசினாள். அவர் செடியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவள் தன்னைப் பற்றிச் சொன்னாள். எழுந்து வெளியே வரும்போது ஒவ்வொரு நாளும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். நாளைக்கு அக்கா இன்னொரு கதையோடு காத்திருப்பாள்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே கடையில் ஒரு காஸ்மாஸ் விதைப் பாக்கெட் வாங்கினார். பின்பக்கம் அச்சடித்திருந்ததைப் படிக்கவில்லை. செய்த பாவத்துக்குப் பரிகாரம் போல ஒரு மூட்டை மக்கிய எருவைக் கொண்டு வந்து கொட்டினார். தூவினார். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். முளைத்தது. நாரிலை விட்டது. விட்ட வேகத்தைப் பார்த்து அவருக்கு நம்பிக்கை வந்தது. கொஞ்சம் பின்தங்கி வந்தாலும், அக்கா எழுந்து நடமாடும்போது எட்டிப் பிடித்துவிடும். அப்புறம் யாருக்கு என்ன தெரியப்போகிறது?

ஆனால் வாயால் வளர்த்த செடி, மண்ணில் இருந்ததைவிட வேகமாக வளர்ந்தது. அக்காவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். "இந்நேரம் மொட்டு வந்திருக்கணுமே?" என்றாள். வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள். "வந்திருக்குக்கா" என்றார். செல்போனில் யாரோ எடுத்த காஸ்மாஸ் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, மொட்டு எப்படி உருண்டையாக, பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு இருக்கிறது என்று விவரித்தார். அடுத்த வாரம் அதில் ஒன்று மலர்ந்தும்விட்டது.

அன்றைக்குள் அக்கா நிமிர்ந்து உட்கார அனுமதி வந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். குமிழி முக்கால்வாசி கரையாமல் இருந்ததால் எல்லாமே தண்ணீருக்கடியில் பார்ப்பது போல. தூசி படக் கூடாது என்று வெளியே போகத் தடை.

"பூத்துடுச்சா?" அவள் குரல் சின்னப் பெண்ணுடையது போலானது. "என்ன நிறம்?"

"வெள்ளை. ஒண்ணு ரோஸ்."

"ஒண்ணே ஒண்ணு பறிச்சுக் கொண்டா. பாக்க முடியாட்டியும் கையில வச்சுக்கிறேன்."

"நாளைக்குக் காலையில ஃபிரெஷ்ஷா பறிச்சுத் தரேன்கா."

வாசலில் அவர் செடிகள் முழங்காலுக்கு மேல் நின்றன. பச்சைப் பசேலென்று, தடித்த தண்டோடு. ஒன்றில்கூட மொட்டு இல்லை.

காலையில் நடக்கப் போகிறேன் என்று கிளம்பினார். நாலு தெரு தள்ளி, தண்ணீர் வாரிய அலுவலகத்தின் முன்னால் காஸ்மாஸ் பூத்துக் கிடப்பதை வண்டியில் போகும்போது பார்த்திருந்தார். அலுவலகம் இன்னும் திறக்கவில்லை. கம்பி வேலி இடுப்பளவுதான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். பூவின் காம்பு கம்பி போல நீண்டு, ஒடிய மறுத்தது. இழுத்தார். செடியே ஆடியது.

"யாரது! யாரு?"

காவலாளி பின்பக்கத்திலிருந்து பல் தேய்த்தபடி ஓடி வந்தான். பல்செட்காரருக்கு ஓடவும் காலில்லை, நிற்கவும் மானமில்லை. கை இன்னும் வேலிக்குள்தான் இருந்தது.

"என்ன பெரியவரே, பாத்தா மரியாதைப்பட்டவரா இருக்கீங்க, இந்த வயசுல..." என்று தொடங்கிய காவலாளி சட்டென்று நின்றான். முகம் மலர்ந்தது. "அட, நம்ம பல்லு சார்!"

தேய்த்துக்கொண்டிருந்தது கையில் பிடித்திருந்த பல்செட்டைத்தான். கழுவி வாயில் மாட்டிக்கொண்டு அழகாகச் சிரித்தான். போன வருஷம் அவர் கட்டிக் கொடுத்த மேல் வரிசை அது. நிறம் பொருந்தவில்லை என்று அவன் பட்டறைக்கே வந்ததால், அவர் இரண்டு முறை மாற்றிக் கொடுத்தது.

"அக்காவுக்குக் கண் ஆபரேஷன். பூ வேணும்னு கேட்டாங்க" என்றார். அந்த வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வெட்டித் தந்திருப்பேனே சார். இப்படி வேரோட ஆட்டிட்டீங்களே." காவலாளி கத்திரிக்கோல் கொண்டு வந்து, ஒரு கைப்பிடிப் பூவை வெட்டிக் கொடுத்தான். அதட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் வணக்கம் வேறு வைத்தான். பல்செட்காரர் தெருமுனையைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. காது இரண்டும் எரிந்தன. மூன்று பூவை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைச் சட்டைக்குள் மறைத்து எடுத்து வந்து குப்பைக்கூடையின் அடியில் தள்ளினார்.

அக்கா பூவை வாங்கி உள்ளங்கையில் வைத்து, விரல் நுனியால் இதழ் இதழாகத் தடவினாள். சிரித்துக்கொண்டே தடவியவள் நின்றாள்.

"தட்டையா இருக்கே."

"என்னக்கா?"

"இதழ் ஒவ்வொண்ணும் சுருட்டின காகிதம் மாதிரி குழலா இருக்கும்னு பைண்டிங் சொன்னாளே. சாதாரண காஸ்மாஸ் இல்ல, தனி ரகம்னு ரொம்பப் பீத்திக்கிட்டா."

 சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வராது. பல்செட்காரர் வாயைத் திறந்தார்.

அதற்குள் அக்காவே தொடர்ந்தாள். "இருக்கும் இருக்கும். விதை எடுத்துப் போட்டா எல்லாம் அதே மாதிரி வராது, சிலது தட்டையாவும் பூக்கும்னு அவளே சொன்னா. பரவாயில்ல. இதுவும் அழகாத்தான் இருக்கு."

"ஆமாக்கா" என்றார் அவர். "சிலது அப்படித்தான் வந்திருக்கு."

மனைவி அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.  அவர் அவளைக் கடந்து போனபோது, வழியில் ஏதோ அழுக்குக் கிடப்பது போலத் தன் கால்களை நகர்த்திக்கொண்டாள். அன்று முழுவதும் அவளை நேராகப் பார்க்க அவரால் முடியவில்லை.

அடுத்த வாரம் ஒரு முற்பகலில் அவர் அச்சுகள் வாங்கிவர டாக்டரிடம் போயிருந்தார். மனைவி வேலைக்குப் போய்விட்டாள். காவலாளி வீட்டைத் தேடி வந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய பெரிய பூக்கொத்து.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள்.

"பல்லு சாரோட அக்காவா? கண்ணு இப்ப எப்படிம்மா இருக்கு? அன்னைக்கு சார் வந்து எங்க ஆபீஸ்ல பூ பறிச்சாரே, அதே பூதான். இன்னைக்கு நிறையப் பூத்திருந்துச்சு. உங்க ஞாபகம் வந்துச்சு."

"எந்த ஆபீஸ்?" என்று கேட்டாள் அக்கா. அவன் சொன்னான். வேலிக்குள் கை விட்டதையும் சிரித்தபடியே சொன்னான். அவனுக்கு அது ஒரு நல்ல கதை. "வாசல்லயே இவ்வளவு செடி வச்சிருக்கீங்க, இது இன்னும் பூக்கலையாம்மா?" என்றும் கேட்டுவிட்டுப் போனான்.

மாலையில் பல்செட்காரர் மருந்து விட வந்தார். ஜன்னல் ஓரமாகத் தண்ணீர்க் குவளையில் இருந்த பூக்களை அவர் கவனிக்கவில்லை. திரைச்சீலை மறைத்திருந்தது. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்குச் செடி எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்குக்கா. புதுசா அஞ்சாறு பூத்திருக்கு. வெள்ளையில ஒண்ணு இவ்வளவு பெருசு. ஒரு தேனீ வந்து உக்காந்துச்சு பாரு, பூவே தலை சாஞ்சுடுச்சு. அது பறந்ததும் மறுபடி நிமிந்துக்கிச்சு."

"அப்புறம்?"

"நீ சொன்ன மாதிரி குச்சி நட்டுக் கட்டியிருக்கேன். வாடின பூவையெல்லாம் வெட்டிட்டேன்."

"குழல் மாதிரி ஏதாவது பூத்துச்சா?"

"ஒண்ணு பூத்திருக்கு. ஒரு வாரம் போகட்டும், காட்டறேன்."

அக்கா கடைசிவரை கேட்டாள். ஒரு பக்கம் முழுவதையும் படித்து முடித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவது அவள் பழக்கம்.

"காலையில தண்ணி வாரிய ஆபீஸ் வாட்ச்மேன் வந்திருந்தார்" என்றாள். "பூ கொண்டு வந்தார். ஜன்னல்ல இருக்கு."

பல்செட்காரர் கையில் மருந்து பாட்டில் இருந்தது. அதன் மூடியைத் திறந்தபடி, மூடவும் தோன்றாமல் நின்றார்.

"நான் போட்டது என்ன ஆச்சு?"

"பிடுங்கிட்டேன்க்கா. களைன்னு நினைச்சு. ஆபரேஷன் அன்னைக்கு." குரல் அவருடையதாகவே இல்லை. "நீ அழக் கூடாதுன்னு..."

"அதை விடு. அந்த இலையைப் பாத்தா யாருக்கும் களைன்னுதான் தோணும். நீ அன்னைக்கே சொல்லியிருந்தா, போடா மடையான்னு ரெண்டு திட்டு திட்டிட்டு மறந்திருப்பேன்." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கண் சிவந்து, அவர் நின்ற திசைக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தது. "குப்புறக் கிடந்தேன்டா. தரையைத் தவிர ஒண்ணும் தெரியல. திரும்பப் பார்வை வருமான்னு தெரியல. நீ வந்து சொல்லுவே. நீ போனப்புறம் கண்ணை மூடிக்கிட்டு, நீ சொன்னதை ஒண்ணொண்ணா பாத்துக்கிட்டு இருப்பேன். எனக்கு வேற என்ன இருந்துச்சு? தேனீ உக்காந்துச்சுங்கற. தலை சாஞ்சுச்சுங்கற. ஒரு வரி விடாம பொய்யா?"



"நான் சொன்னதெல்லாம் நிஜம்" என்றாள் அக்கா. "பஸ் ஸ்டாப் கதையை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மருந்து விடக் குனிந்தபோது அக்கா கையை நீட்டித் தடுத்தாள். "பாட்டிலைக் குடு. நான் போட்டுக்கறேன்."

அவளே போட்டுக்கொண்டாள். முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில் வழிந்தது. மூன்றாவது போயிற்றா இல்லையா என்று தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டு நின்றார். 

அதன்பிறகு மருந்து விடுவது மனைவியின் வேலையாயிற்று. அவள் அவரைக் குத்திக்காட்டவில்லை, தட்டில் சோறு குறையவில்லை. ஆனால் வீட்டில் யார் என்ன சொன்னாலும், "நிஜமாவா?" என்று அக்கா ஒரு நொடி தயங்குவதை அவர் கவனித்தார். மழை பெய்கிறது என்றால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தாள். முன்பு அவள் அப்படி இல்லை. பட்டறையில் வேலை ஓடவில்லை. ஒரு கீழ் வரிசையைத் தப்பாகக் கட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது.

குமிழி கரைந்தது. பார்வை பாதிக்கு மேல் திரும்பியது. நேர்கோடு கொஞ்சம் நெளிந்து தெரியும், சின்ன எழுத்து இனிமேல் முடியாது என்றார் டாக்டர். வெளியே போகலாம் என்ற அன்று, அக்கா தானாகவே வாசலுக்கு வந்தாள். பல்செட்காரர் பட்டறைக்குள் போய் ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தார். ஆனால் போகாமல் தூணோரமாக நின்றார்.

செடிகள் அவள் தோள் உயரத்துக்கு நின்றன. அக்கா இலைக்குள் கையை விட்டுத் துழாவினாள். தண்டை அழுத்திப் பார்த்தாள். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தாள்.

"எவ்வளவு எரு போட்ட?"

"ஒரு மூட்டை."

"ஒரு மூட்டையா!" அவளை மீறிச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அடங்கியது. "இது ஏழை மண்ணுல பூக்கிற ஜாதிடா. கொழுக்க வச்சா இலையாவே போட்டுக்கிட்டு உக்காந்துக்கும். எதுக்கு இவ்வளவு?"

"மனசு கேக்கல."

அக்கா உள்ளே போய்க் கத்திரிக்கோல் கொண்டு வந்தாள். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டச் சொன்னாள். தண்ணீரை நிறுத்தச் சொன்னாள். இலை வாடித் தொங்கினால் மட்டும் ஒரு சொம்பு. அதிகமாக ஒரு வார்த்தை இல்லை. அவர் வெட்டினார். வெட்டிய கிளைகள் காலடியில் பச்சையாகக் குவிந்தன.

பட்டினி போட்ட பிறகு, மழைக்காலம் முடிந்து பொழுது குறுகிய நாட்களில் அவை பூத்தன. தட்டை இதழ்தான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "அருமையா வளத்திருக்கீங்களே சார்!" என்று யாராவது சொன்னால், பல்செட்காரர் சாவி தேடுவது போல் பாக்கெட்டைத் துழாவிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

அப்போதுதான் பைண்டிங் வந்தாள். அக்காவைப் பார்க்க வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். பெரிய குரல் அவளுக்கு.

"இது நான் குடுத்த விதை இல்லையே! என்னோடது சுருள் இதழாச்சே?"

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. "அது பெரிய மழையில அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் இதைப் போட்டோம்" என்றாள்.

பல்செட்காரர் நாற்காலி கொண்டு வந்தவர், அதைக் கையிலேயே பிடித்தபடி நின்றார். அக்கா இவ்வளவு சரளமாகப் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. அதுவும் அவருக்காக.

"மழை இல்லீங்க" என்றார். "நான்தான் பிடுங்கிட்டேன். களைன்னு நினைச்சு. அதோட நிக்கல. அக்கா கண்ணு தெரியாம படுத்திருந்தப்போ, செடி இருக்கு, வளருது, பூத்திருக்குன்னு தினமும் பொய் சொன்னேன். அடுத்தவங்க தோட்டத்துல திருடிக் கொண்டு வந்து, உங்க செடியில பூத்ததுன்னு குடுத்தேன்."

பைண்டிங் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.  "ஏன்யா, கால்புள்ளி தப்பினாலே இவ கண்டுபிடிச்சுடுவா. இவகிட்டயா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. டீ வந்தது. குடிக்கும் நேரமெல்லாம் அவள் பார்வை அடிக்கடி அவர் மேல் வந்து போயிற்று, இப்படிப்பட்ட ஆளா நீ என்பது போல. அவர் எழுந்து போகவில்லை. உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டார். அது கன்னத்தில் அறை வாங்குவது போலத்தான் இருந்தது. போகும்போது அவள் அக்காவிடம், "அடுத்த தடவை விதை தரேன். ஆனா உன் தம்பி கண்ணுல காட்டாதே" என்றாள்.

அவள் போனதும் அக்கா கேட்டாள். "எதுக்குடா சொன்ன? அவ வாய் சும்மா இருக்காது. நாளைக்கே பாதி ஊருக்குத் தெரிஞ்சுடும்."

"தெரியட்டும். நீயும் எனக்காகப் பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டியேன்னு இருந்துச்சு."

அக்கா செடிகளிடையே போனாள். பிறகு கத்திரிக்கோலை எடுத்து வாடிய பூக்களை வெட்டத் தொடங்கினாள். இரண்டு மூன்று வெட்டியவள் தயங்கினாள்.

"வாடினது எது, மொட்டு எதுன்னு சரியாத் தெரிய மாட்டேங்குது. ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. இங்க வா. இது என்ன?"

அவர் அருகே வந்து குனிந்தார். பட்டறையில் பல்லின் நிறம் பார்ப்பது போல, அவசரப்படாமல் பார்த்தார். "அது மொட்டுக்கா. உருண்டையா இருக்கு."

"இது?"

"அது முடிஞ்சது. கூம்பிப் போய்க் கூரா இருக்கு. வெட்டிடலாம்."

அக்கா வெட்டவில்லை. கத்திரிக்கோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கை விரலால் அதை மெல்ல அழுத்திப் பார்த்தாள். கூராகத்தான் இருந்தது. வெட்டினாள். அடுத்ததைக் காட்டிக் கேட்டாள். அவர் சொன்னார். அதையும் தொட்டுப் பார்த்தாள். அதற்கடுத்ததையும்.

ஒவ்வொரு முறையும் அவள் விரல் போய்ச் சரிபார்க்கும்வரை, பல்செட்காரர் தலை குனிந்து காத்திருந்தார்.